வடக்கின் சில பகுதிகள் தவிர

ஓர் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தில் வரும் அரை வரி என்னைக் கனகாலமாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கட்டுரை 2016 இல் வெளிவந்தது. கொழும்பு மருத்துவபீடத்தின் நுண்ணுயிரியலாளர் ஈனிட் கொரேயாவும் பேராதனையின் வசந்தி தேவநேசமும் வெளிநாட்டு ஆய்வாளர் சிலரோடு சேர்ந்து எழுதியது. மெலியோயிடோசிஸ் என்ற பக்ரீரியாத் தொற்றை 2006 முதல் 2014 இன் தொடக்கம் வரை இலங்கை முழுக்கத் தேடிய கணக்கு அது. கல்ச்சரில், அதாவது நோயாளியிடம் எடுத்த மாதிரியில் இருந்து கிருமியை வளர்த்துப் பார்த்ததில், உறுதியானவர்கள் 32 பேர். பெரும்பாலானோர் கிராமத்து ஆட்கள், ஆண்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள். கிருமி தீவின் எல்லாப் பக்கமும் கிடைத்திருக்கிறது. சப்ரகமுவ மாகாணம், தெற்கு மத்திய மலைநாடு, வடக்கின் சில பகுதிகள் தவிர.

மலைநாட்டைப் பற்றி மலைநாட்டார் பேசட்டும். வடக்கின் அந்தச் சில பகுதிகளைப் பற்றி வன்னியில் இருந்துகொண்டு நான் பேசாமல் விட முடியாது. தேடல் தொடங்கிய ஆண்டை ஒருமுறை பாருங்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி பூட்டப்பட்டது. 2009 தை பிறந்த கையோடு கிளிநொச்சி விழுந்தது. வைகாசியில் எல்லாம் முடிந்தது. பிறகு செட்டிகுளத்து முகாம்கள். மெனிக் பாமில் இருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 2012 செப்ரெம்பரில். ஆக, ஒரு நாடு தன் மண்ணில் உள்ள கிருமியைத் தேடிய எட்டு ஆண்டுகளில் முக்கால்வாசிக் காலம் வன்னி மக்களில் கனபேர் போருக்குள்ளோ, இடம்பெயர்ந்தோ, முகாமிலோ இருந்தார்கள். அவர்களின் ரத்தம் கொழும்புக்குப் போகும் வழியில் இல்லை. பாணுக்கும் பனடோலுக்கும் கப்பல் பார்த்திருந்த ஊரில் யார் ரத்தத்தைப் போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்?

ஆய்வாளர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்ததைக் கிடைத்தது என்றும் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். என் வழக்கு அதை வாசிக்கிறவர்களோடு. "உது கிழக்குப் பக்கத்து வருத்தம், மேற்குப் பக்கத்து வருத்தம், எங்கட பக்கம் இல்லை" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்டுபிடிக்கப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிட்ட இடத்தில்தான் என் தாய்மாமன் சாகக் கிடந்தார்.

சேற்றில் இருக்கிற கிருமி

வன்னியில் எலிக்காய்ச்சலைத் தெரியாத கமக்காரர் இல்லை. காலபோகம் தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், டொக்சிசைக்கிளின் குளிசை தருவார், கிழமைக்கு ஒருமுறை போடச் சொல்லுவார். பாதிப்பேர் போடுவார்கள், பாதிப்பேர் கூரையில் செருகி வைப்பார்கள். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு ஒரு பெயர் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, "வயலுக்குள்ள இறங்கினனீங்களோ?" என்று வெளிநோயாளர் பிரிவிலேயே கேட்கிறார்கள். மெலியோயிடோசிஸ் அதே சேற்றில் இருக்கிறது. எலியும் வேண்டாம், மாடும் வேண்டாம். கிருமியின் வீடே மண்தான். கோடையில் மண்ணின் ஆழத்தில் கிடந்து, மாரி மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது மேலே வருகிறது. பித்தவெடிப்பிலும் அரிவாள் வெட்டிலும் புகும், அடைமழைக் காற்றில் மூச்சோடு போகும், சுத்தமில்லாத தண்ணீரில் குடலுக்கும் போகும். சுகதேகிகளில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். சீனி வருத்தக்காரர், சிறுநீரகம் பழுதானவர், அளவில்லாமல் குடிக்கிறவர் என்றால் விடாது. சிலருக்கு உடம்புக்குள் ஒளிந்திருந்து பிறகு எழும்பும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டதாகப் பதிவு உண்டு.

இதை முதலில் கண்டவர்கள் இருவர். 1911, 1912 ஆண்டுகளில் ரங்கூனில், இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த விற்மோரும் அவருடைய உதவி வைத்தியர் சி. எஸ். கிருஷ்ணசாமியும். செத்துக் கிடந்தவர்கள் மோர்பினுக்கு அடிமைப்பட்ட ஏழைகள், வீதியில் கிடந்தவர்கள். கசம் போலவும் இல்லாமல் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் போலவும் இல்லாமல் இடைநடுவில் நின்ற சீழ்க்கட்டிகளை அறுத்து, வளர்த்து, இது வேறு என்று சொன்னார்கள். நோய் பிறகு விற்மோர் நோய் என்றே அழைக்கப்பட்டது. கிருஷ்ணசாமியின் பெயர் தலைப்பில் நிற்கவில்லை. நான் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவன். ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927 இல், ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதன்பிறகு எண்பது ஆண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றும். தரகர் ஒருவருக்கு வந்த நோய், சேற்றில் நின்ற லட்சக்கணக்கான கமக்காரர் யாருக்கும் வரவில்லை என்று நம்ப யாராலும் முடியுமா? தரகருக்குக் கல்ச்சர் செய்தார்கள், அவ்வளவுதான். 2006 இல் ஒருவர் என்று தொடங்கிய கணக்கு, 2017 நடுப்பகுதியில் 250 அளவில் வந்து நின்றது. கிருமி திடீரென்று பெருகவில்லை. கொரேயாவும் கூட்டாளிகளும் ஆய்வுகூடம் ஆய்வுகூடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்: இப்படி ஒரு கிருமி வளர்ந்தால் எறியாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள், பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்து சொல்லுகிறோம். அந்த முதல் 32 பேரைச் சேர்த்த காலத்திலேயே இறப்பு வீதம் இறங்கியது. புது மருந்து ஒன்றும் வரவில்லை. பெயர் தெரிந்ததும் இருந்த மருந்தைச் சரியாகக் கொடுத்தார்கள்.

மாமாவின் மார்கழி

மாமா முத்தையன்கட்டுக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். மீள்குடியேறி வந்து, பற்றையாகிக் கிடந்த காணியை வெட்டித் திருத்தி எடுத்தவர். சீனி இருக்கிறது, கிளினிக் கொப்பி இருக்கிறது, விதைப்புக் காலத்தில் கிளினிக்குக்குப் போகமாட்டார். அந்த மார்கழியில் களை பிடுங்கிவிட்டு வந்தவருக்குக் காய்ச்சல் பிடித்தது. பக்கத்து டிஸ்பென்சரியில் குளிசை, பிறகு ஊசி. டெங்குவா என்று பார்த்தார்கள், இல்லை. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி ஏறியது. இருமல் பிடித்தது, சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாய்ப் போனார். பெரிய வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் நெஞ்சின் மேற்பக்கம் நிழல். கசமாக இருக்கும் என்றார்கள். சளியில் கசக்கிருமி இல்லை. ஸ்கான் செய்தபோது மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். செஃப்ட்ரையக்சோன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொதுவாக எல்லாத் தொற்றுக்கும் முதலில் கை போகும் மருந்து அது. இந்தக் கிருமிக்கு மட்டும் போதாது.

முதல் எடுத்த ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அதற்கு முன்னமே உடம்புக்குள் எத்தனையோ மருந்து போயிருந்தது. மருந்து போகாவிட்டாலும் கல்ச்சர் எல்லோரையும் பிடிக்காது. மெலியோயிடோசிஸ் உள்ள பத்துப் பேரில் ஆறு பேரை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கிறது என்று தாய்லாந்து நோயாளிகளை வைத்துச் செய்த கணிப்பு ஒன்று சொல்கிறது. காய்ச்சல் விடாததால் வாட்டில் இருந்த இளம் வைத்தியர் திரும்பவும் ரத்தம் எடுத்தார். அந்த இரண்டாவது போத்தல்தான் மாமாவின் உயிர்.

போத்தல் போன ஆய்வுகூடத்தில் என்னிடம் படித்த பிள்ளை ஒன்று வேலை செய்கிறது. அங்கே என்ன நடந்தது என்று அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். "சேர், முதல் நாள் பார்த்தா ஒண்டுமில்லாத மாதிரித்தான் இருக்கும். பிளட் அகாரில சின்னச் சின்னப் புள்ளி. தோலில இருந்து வந்த அழுக்கு எண்டோ, சூடோமோனாஸ் வகையில ஒண்டு எண்டோ எழுதிப்போட்டு அடுத்ததைப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாம்பிள் வருது எண்டு உங்களுக்குத் தெரியுமே." கிருமி வளர்க்கும் அந்த அகார்த் தட்டை அவள் எறியவில்லை. இன்னும் ஒரு நாள் வைத்திருக்கச் சொல்லி அங்கே பழக்கியிருந்தார்கள். அடுத்தடுத்த நாளில் புள்ளிகள் உலர்ந்து, மேல்பக்கம் சுருங்கத் தொடங்கின. கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய கோல்கள், இரு முனையும் கருத்து நடு வெளிறிச் சட்டை ஊசி போல. ஒக்சிடேஸ் சோதனை பொசிற்றிவ்.

பிறகு அவள் செய்தது மூன்று வட்டத்தாள் சோதனை. கிருமியைத் தட்டில் பரவ விட்டு, மருந்து தோய்ந்த மூன்று சிறு வட்டத்தாள்களை மேலே வைப்பது: ஜென்டமைசின், கொலிஸ்டின், கோ-அமொக்சிக்ளாவ். சாதாரணமாகக் காணும் சூடோமோனாஸ் கிருமி முதல் இரண்டுக்கும் அடங்கும், மூன்றாவதை மதிக்காது. இது தலைகீழாக நின்றது. ஜென்டமைசினையும் கொலிஸ்டினையும் சுற்றி விளிம்புவரை கிருமி வளர்ந்திருந்தது. கோ-அமொக்சிக்ளாவைச் சுற்றி மட்டும் துப்புரவான வெளி. உறுதிப்படுத்தப் பிசிஆர் வேண்டும். இந்தக் கிருமிக்கென்றே அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் அஷ்டவுன் என்பவர் 1979 இல் செய்த ஊதாநிற அகாரும் உண்டு. ஆனால் சந்தேகப்படுவதற்கு, ஓடிப்போய் நிபுணரைக் கூப்பிடுவதற்கு, இந்த மூன்று துண்டுத் தாள் போதும். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாத ஆய்வுகூடத்திலும் அவை இருக்கின்றன. இதைக் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோசமா கோபமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நுண்ணுயிரியல் நிபுணர் தட்டைப் பார்த்தார். மாமாவின் கோரிக்கைப் படிவத்தை எடுத்தார். பெயர் இருந்தது, வயது இருந்தது, வாட் இலக்கம் இருந்தது, "காய்ச்சல்" என்று இருந்தது. தொழில் என்ற இடம் வெறுமையாக இருந்தது. சீனி வருத்தமும் எழுதப்படவில்லை. அவர் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த நேரம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். போனைக் காதில் வைத்தபடியே இளம் வைத்தியர் மாமியின் பக்கம் திரும்பி, "அம்மா, ஐயா என்ன வேலை செய்யிறவர்?" என்று கேட்டார். மாமிக்கு இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று இருந்திருக்க வேண்டும். "வயல்தான் டொக்டர். வருத்தம் வரும்வரைக்கும் இந்த மனிசன் சேத்துக்குள்ளதான் நிண்டது." "சீனி இருக்கோ?" "ஓம், ஓம், கனகாலமா இருக்கு." அவர் அதை அப்படியே போனில் சொன்னார். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கே மருந்து மாறியது. முதலில் மெரோபெனெம், ஆள் தேறிய பிறகு செஃப்டசிடிம், எல்லாம் நாளத்தால்.

அந்தக் கேள்வியை நான் விட்டுவிட முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். அதுவரை மாமாவை எத்தனையோ பேர் பார்த்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், களைத்துப்போனவர்கள், ஒரு நாளைக்கு நூறு காய்ச்சல் பார்க்கிறவர்கள். எத்தனை நாள் காய்ச்சல், சத்தி இருக்கா, சிறுநீர் போகுதா என்று கேட்டார்கள். மாமாவின் உள்ளங்காலைப் பார்த்தால் போதும், வெடிப்புக்குள் வயற்சேறு காய்ந்து கறுத்துக் கிடந்தது. கடைசியில் தொழிலைக் கேட்டவர், மாமாவின் முகத்தையே பார்த்திராத, நோயாளி என்று ஒரு தட்டை மட்டும் கண்ட ஒருவர். நுண்ணுயிரியல் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் வேலை என்று நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிற மாதிரி இல்லை அது. அந்த நிபுணரின் முக்கியமான கருவி அன்றைக்குத் தொலைபேசிதான். தட்டில் வளர்ந்தது பாதி விடை. மற்றப் பாதி மாமியின் வாயில் இருந்தது.

எண்ணிக்கையில் வராதவர்கள்

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 165,000 பேருக்கு இது வருகிறது, அவர்களில் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016 இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. பதிவான நோயாளிகளை எண்ணிச் சொன்னதல்ல அது. மழை, மண், சீனி வருத்தம், மக்கள் தொகை எல்லாம் சேர்த்துக் கணித்தது. உண்மையில் பதிவாகிறவர்கள் அதில் சிறு துளி. மற்றவர்கள் என்னவாகச் சாகிறார்கள்? நியுமோனியா, கசம், "ரத்தத்தில் கிருமி", சீனி கூடிச் செத்தது. எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் அப்படிப் போன சீனிக்காரர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, பள்ளிக்கூடத்து விறாந்தையில் படுத்திருந்து காய்ச்சல் கண்டவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. இதுவா என்று கேட்கப்படவே இல்லை என்கிறேன்.

கேட்டால் விடை வரும் என்பதற்கு வடக்கிலேயே சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. மாதிரிகள் எடுத்தார்கள், அனுப்பினார்கள், சில நாளில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது, வயல்காரருக்குக் குளிசை கொடுக்கத் தொடங்கினார்கள். மர்மம் ஆய்வுகூடத்தில் முடிந்தது. மல்லாவியிலோ துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு கமக்காரர் தனியே காய்ச்சலில் படுத்தால் அந்த வேகம் வராது. அங்கே ரத்தத்தைப் போத்தலில் எடுத்தாலும் வளர்க்க வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும்; அனுப்பும் வாகனம், போத்தல், எழுதுகிற ஆள் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

விரைவுச் சோதனை வந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். கிருமியின் உறையில் உள்ள சர்க்கரையைப் பிடிக்கும் பட்டைச் சோதனை இருக்கிறது, சில நிமிடத்தில் கோடு விழும். தட்டில் வளர்ந்த கிருமியில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. நோயாளியின் ரத்தத்தில் நேரே வைத்தால் பலரைத் தவற விடுகிறது. பிறபொருளெதிரி பார்க்கும் சோதனைக்கு வேறு சிக்கல். வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்றவருக்கு எப்போதோ தொட்ட கிருமிக்கான எதிரி உடம்பில் இருக்கலாம், இப்போதைய காய்ச்சல் வேறாக இருக்கலாம். கடும் நோயில் கிடப்பவருக்கு எதிரி இன்னும் உருவாகாமலும் இருக்கலாம். ஆகவே இன்னும் பல காலத்துக்குப் போத்தலும் தட்டும் பொறுமையும்தான். மருந்து ஏற்ற முன்னம் எடுத்த ரத்தம், முடிந்தால் சீழ், சளி, சிறுநீர், தொண்டை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து மாதிரி, படிவத்தில் நிரப்பிய தொழில். இதில் எது வன்னிக்கு எட்டாதது? வடக்கின் வரைபடத்தில் உள்ள வெளியை நிரப்பப் பெரிய ஆராய்ச்சி நிலையம் வந்துதான் ஆக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பது என் திடமான எண்ணம். ஒவ்வொரு மாரியிலும் சீனி வருத்தம் உள்ள கமக்காரர் காய்ச்சலோடு வந்தால் ஒரு போத்தல் ரத்தம். இரண்டு மாரிக்குள் எங்கள் மண்ணைப் பற்றி எங்களுக்கே தெரிந்துவிடும்.

மாமா தப்பினார். நாளத்தால் ஏற்றியது கிழமைக்கணக்கில். பிறகு கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை மூன்று மாதத்துக்கு மேல். காய்ச்சல் நின்று, சாப்பாடு பிடித்து, ஆள் நிமிர்ந்த பிறகும் இத்தனை குளிசை எதற்கு என்று மாமா முரண்டு பிடித்தார். இடையில் விட்டால் ஒளிந்திருக்கும் கிருமி திரும்ப எழும்பும் என்று வைத்தியர் சொன்னதை மாமி பிடித்துக்கொண்டா. காலையும் பின்னேரமும் எண்ணிக் கொடுத்து, விழுங்கிய வாயைத் திறந்து காட்டச் சொல்லி நின்றா.

சப்பாத்துப் போட்டு வயலுக்கு இறங்கச் சொல்லி வைத்தியசாலையில் சொன்னார்கள். முத்தையன்கட்டுக் களியில் றப்பர் சப்பாத்து ஒரு அடி வைத்தால் சேறு பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் மேலே வரும். மாமா ஒரு போகம் முயன்று பார்த்துவிட்டு வரம்பில் கழற்றி வைத்தார். இப்போது செய்வது வேறு. காலில் வெடிப்போ வெட்டோ இருந்தால் அன்றைக்குச் சேற்றுக்குள் இல்லை, மகன் இறங்குவான். வந்ததும் குழாய்க்கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவ வேண்டும். கிளினிக் தவறக் கூடாது. மழைக்குள் மருந்தடிப்பது இல்லை. இவ்வளவும் மாமியின் சட்டம்.

போன மாரியில் பக்கத்துக் காணிக்காரர் காய்ச்சலில் படுத்தார். அவருக்கும் சீனி. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டு நின்ற அவருடைய மனைவிக்கு மாமி வேலியடியில் நின்று சொல்லிக்கொடுத்ததைக் கேட்டேன். "பிள்ளை, போன உடன சொல்லு, சீனி இருக்கு, வயல் செய்யிறவர், சேத்துக்குள்ள நிண்டவர் எண்டு. அவை கேக்காட்டியும் சொல்லு. ஊசி ஏத்த முன்னம் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கேலுமோ எண்டு கேள்."

"டொக்டர்மார் ஏசினா என்ன அக்கா செய்யிறது?"

"ஏசட்டும். நீ கேள்."